தோட்டவெளி யாத்திரை

கத்தோலிக்க மக்களின் நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்போர், அங்கே நாட்கள் வெறும் எண்களாய் நில்லாமல் பெயர்களாய் நிற்கக் காண்பர். மார்கழி மாதம் 3ஆம் நாள் புனித சவேரியாருடையது; 13ஆம் நாள் புனித லூசியாவுடையது; 26ஆம் நாள், கல்லெறியுண்டு மாண்ட முதல் வேதசாட்சியாகிய புனித முடியப்பருடையது. இவ்வாறு ஆண்டு முழுவதும் ஆயிரம் ஆண்டு, ஈராயிரம் ஆண்டுக்கு முன் மறைந்தவர்கள் வரிசையாக வந்து, தத்தம் நாளிலே நினைவுகூரப்படுகின்றனர்.

மன்னார்த் தீவிலும் அதன் அயற் கரையிலும் இந்நாட்காட்டி ஏட்டிலே மாத்திரமன்றி ஊரிலும் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிமுனைக்குப் புனித லூசியா. வங்காலைக்குப் புனித ஆனாள். தலைமன்னாருக்குப் புனித லோறன்சியார். பேசாலைக்கு வெற்றி அன்னை. ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் கோயிற் பெயரும், கோயிற் பெயரைக் கேட்டவுடன் திருநாளும் அங்குள்ளார் நாவில் தாமே வந்துவிடும். லூசியா சிசிலித் தீவிலே சிரக்கூசா நகரத்துக் கன்னி. உரோமப் பேரரசர் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், 304ஆம் ஆண்டளவிலே கொல்லப்பட்டவர். லோறன்சியார் உரோமாபுரியிலே 258ஆம் ஆண்டு உயிர் துறந்தவர். திருச்சபையின் செல்வங்களை ஒப்படை என்று அதிகாரி கட்டளையிட, நகரத்து ஏழைகளைத் திரட்டிக் கொண்டுவந்து, 'இவர்களே எமது செல்வம்' என்று நிறுத்தினாராம். எங்கோ சிசிலியிலும் இத்தாலியிலும் சிந்திய இரத்தத்துக்கு, எமது மன்னார்க் கடலோரத்திலே ஆண்டுதோறும் கொடியேறுகிறது.

இத்தனை பெயர்களுக்கும் நடுவிலே, இந்த மண்ணிற் பிறந்து, இந்த மண்ணிலேயே தம் நம்பிக்கையின் பொருட்டு வெட்டுண்டு மாண்ட அறுநூறு பேர் மாத்திரம் பெயரின்றிக் கிடக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் சரித்திரத்திற் பதிவு பெறவில்லை. அவர்கள் நினைவு போற்றப்படும் தோட்டவெளி என்னும் ஊரைக் காணவேண்டுமென்ற ஆவல் எமக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற ஆவணி விடுமுறையிலே அது கைகூடிற்று. எம்முடன் கல்லூரியிலே கணிதம் கற்பிக்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவரும் துணை வந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் வழி முன்போல் நெடுஞ்சுற்றாக இல்லை. 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், கேரதீவிலிருந்து பூநகரிக்குக் கடலேரியைக் கடப்பது சில நிமிட நேர வேலையாய் விட்டது. பூநகரியின் வயல்வெளியைத் தாண்டியபின் வீதி தெற்கு நோக்கிக் கரையோரமாகவே ஓடுகிறது. ஒருபால் பனையும் பற்றைக்காடும், மறுபால் கண்ணுக்கெட்டாக் கடலின் உப்புக் காற்று. வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே செல்ல, வெயில் ஏறும் வேளையிலே மாந்தையை அடைந்தோம்.

மாந்தை என்பது பழைய மாதோட்டம். அங்கே பாலாவித் தீர்த்தக் கரையிலே திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. சைவராய்ப் பிறந்தார் எவரும் அவ்விடத்தைக் கும்பிடாது கடந்து செல்லார். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு எமக்கு முன்னரே வெளிவீதியில் நின்றார். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய இத்தலம், போர்த்துக்கீசர் காலத்திலே இடித்து அழிக்கப்பட்டது. இடித்த கல்லைக் கொண்டே மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள் என்பது எம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. கோயில் இருந்த இடமே காடுமூடிப் போக, 1872ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு விண்ணப்பம் எழுதி, அதனை மீட்டெடுக்க வேண்டுமென்று தூண்டினார். திருப்பணி தலைமுறை தலைமுறையாய் நடந்து 1976இல் குடமுழுக்கு நிறைவேறியது. பின்வந்த போர்க்காலத்திலே மீண்டும் பூசை குன்றிப் பாழ்பட்டு, மீண்டும் எழுந்து, 2022ஆம் ஆண்டு கருங்கற் கோயிலாய்க் குடமுழுக்குக் கண்டது.

அதே மாந்தையிலே, சிவன் கோயிலுக்குச் சிறிது தூரத்திலே, ஒரு மாதா கோயிலும் உண்டு. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிக் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது குடும்பத்தினர் தம் கோயில் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டினுள் ஒளிந்தனர் என்பர். அச்சொரூபமே இன்று இலங்கை முழுவதும் போற்றும் மடுமாதா. ஆகவே, ஒரே மாந்தையிலே கல்லிழந்த கோயிலும் உண்டு. தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய மக்களின் அடிச்சுவடும் உண்டு. மத அதிகாரம் வாளோடு சேர்ந்து வந்தால் எவருக்கும் இடமில்லை என்பதை அறிவதற்கு, நாம் நின்ற அவ்விடத்திலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை.

தள்ளாடியைக் கடந்ததும் நிலம் முடிந்து நீரின் நடுவே வீதி செல்கிறது. இருமருங்கும் ஆழமற்ற கடல். அதில் வெண்ணிறக் கொக்குகள். தீவின் வாயிலிலே, நாற்கோணமாய், கொத்தளங்களோடு கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கீசர் 1560இல் அதனைக் கட்டினர்; ஒல்லாந்தர் அதைப் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டினர். கேதீச்சரத்தைக் கும்பிட்ட கண்ணோடு அக்கோட்டைச் சுவரைப் பார்க்கும்போது, ஒவ்வொரு கல்லும் 'நான் எங்கிருந்து வந்தேன், தெரியுமா?' என்று கேட்பது போலிருந்தது. பட்டினத்திலே கழுதைகள் கடைத்தெருவின் நிழலை எம்மைக் கேளாமலே பங்கு போட்டுக்கொண்டன. பள்ளிமுனைப் பக்கத்திலே பெருக்க மரத்தையும் கண்டோம். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்ததென்று சொல்லப்படும் அம்மரம், எம் வீட்டு அறையொன்றிலும் அடங்காப் பருமனோடு, பலநூறு ஆண்டுகளாய் அங்கே நிற்கிறது. அறுநூறு பேர் வெட்டுண்ட செய்தியைக் கேட்ட மரங்களுள் அதுவும் ஒன்றாதல் கூடும்.

பட்டினத்தினின்றும் தலைமன்னார் வீதியிலே சில மைல் சென்றால் தோட்டவெளி. மணலும் பனையுமாகிய சிற்றூர். அங்கே வேதசாட்சிகளின் இராக்கினி என்னும் பெயரோடு மாதாவுக்கு ஓர் ஆலயம் உண்டு. ஆரவாரமில்லை, கடைகளில்லை. மணலிலே காற்று எழுதி எழுதி அழிக்கும் கோடுகளே எமக்கு முன்னாற் கிடந்தன.

இங்கு நடந்ததைச் சரித்திரம் இவ்வாறு சொல்லுகின்றது. 1530களிலே, முத்துக்குளித் துறைப் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே தங்கி உழைத்தார். 1544ஆம் ஆண்டு, அவர் புகழ் கடலைக் கடந்து மன்னாருக்கும் எட்ட, இங்குள்ள மக்கள் தம்மிடமும் வருமாறு ஆளனுப்பினர். அவரால் வர இயலவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அக்குரு வந்து பலருக்கு ஞானஸ்நானம் அளித்தார். மன்னார் அக்காலத்தில் யாழ்ப்பாண அரசுக்கு உட்பட்டது. நல்லூரிலே அரியணையிலிருந்தவன் முதலாம் சங்கிலி. செய்தி கேட்ட அரசன் படையோடு வந்தான். புதிய மதத்தைக் கைவிடும்படி கட்டளை பிறந்தது. கைவிடாதவர்கள் வாளுக்கு இரையாயினர். கொச்சியிலிருந்து 1545 ஜனவரியில் எழுதிய மடலிலே சவேரியார் இக்கொலையைக் குறிப்பிடுகின்றார். கத்தோலிக்கர் எழுதிய நூல்கள் மாத்திரமல்ல, பதினெட்டாம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் இதனை மறைக்கவில்லை. அறுநூறு பேர் என்று தொகையும் சொல்லுகின்றது.

அறுநூறு என்பது எழுதுவதற்கு எளிய எண். எமது கல்லூரி மண்டபத்திலே காலை வழிபாட்டுக்கு மாணவர் நிரைநிரையாய் நிற்கும்போது எண்ணிப் பார்த்தாலன்றி அதன் அளவு விளங்காது. அவர்களுட் பெரும்பாலோர் கடலோர மக்கள். ஞானஸ்நானம் பெற்று நெடுங்காலம் செல்லாதவர்கள். செபங்களை முற்றாக மனனம் செய்யவும் அவகாசம் கிடைத்திராது. ஆயினும், உயிரா, சொன்ன சொல்லா என்று வாளின் முன்னே கேட்கப்பட்டபோது, சொன்ன சொல்லிலே நின்றனர்.

ஆலயத்தினுள்ளே மூதாட்டி ஒருவர் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று எம்மை விசாரித்தார். யாரை நினைந்து ஏற்றுகிறீர்கள், அம்மா, என்று நாம் வினாவினோம்.

"என்ரை பொடியனுக்கு, தம்பி. 2009ஆம் ஆண்டு வன்னியிலை துலைஞ்சவன். பூசை குடுக்கிறதெண்டால் எந்த நாளிலை குடுக்கிறது? நாள் தெரியாது. இஞ்சை கிடக்கிறவைக்கும் பேரும் தெரியாது, நாளும் தெரியாது. அதுதான் அவையோடை சேத்து இஞ்சை கொளுத்துறன்."

அவர் அதனைச் சொன்னது கண்ணீரோடு அன்று. அரிசி விலை சொல்லுவது போலச் சொன்னார். நண்பர் தாமும் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, அந்தத் திரிக்குப் பக்கத்தில் வைத்தார். திதி அறியாதாருக்கு அமாவாசையிலே பிதிர்க்கடன் செய்யும் எமது வழக்கம் எம் நினைவில் எழுந்தது. ஆடி அமாவாசையன்று தீர்த்தக் கரையிலே எள்ளும் நீரும் இறைக்கும் கைகளுள், நாள் தெரியாத மகனுக்காக இறைக்கும் கைகள் எத்தனை! கத்தோலிக்கருக்கும் இதற்கென நாட்கள் உண்டு. கார்த்திகை மாதம் 1ஆம் நாள் சகல புனிதர் திருநாள். மறுநாள் சகல ஆன்மாக்கள் நினைவு நாள். நாட்காட்டியில் இடம் பெறாத புனிதர் அனைவருக்கும் உரியது அம்முதல் நாள். தோட்டவெளியார் தம் ஆலயத்திலே அறுநூற்றுவரைப் போற்றி வருகின்றனர். ஆயினும் அவர்கள் முறைப்படி புனிதராய் அறிவிக்கப்படவில்லை. திருச்சபையின் பொது நாட்காட்டியில் அவர்களுக்கென்று தனித் திருநாள் இல்லை. கார்த்திகை முதலாம் நாளே அவர்களுக்கும் உரிய நாள் எனலாம்.

இவ்விடத்தே எமது மனம் மாந்தைக்குத் திரும்பியது. கேதீச்சரத்தைப் பாடிய அதே சுந்தரரே திருத்தொண்டத் தொகையையும் பாடியவர். அத்தொகையிலே தனியடியார் பெயர்களோடு தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரும் வணங்கப்படுகின்றனர். அவர்களுள் ஒரு கூட்டத்தார்க்கு 'அப்பாலும் அடிச்சார்ந்தார்' என்றே பெயர். நாட்டாலும் காலத்தாலும் அப்பாற்பட்டு, பெயர் தெரியாது நின்றவர்கள் அவர்கள். அடியாரைப் போற்றப் புகுந்த எவரும், பெயர் தெரிந்தவரோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒருப்படுவதில்லை. தில்லையிலும் உரோமாபுரியிலும் இவ்வுண்மை ஒன்றே.

மற்றொரு ஒற்றுமையும் உண்டு. அரசர்க்கும் தலைவர்க்கும் பிறந்த நாளைக் கொண்டாடுவது உலக வழக்கு. கத்தோலிக்கரோ, புனிதர் மரித்த நாளையே பெரும்பாலும் திருநாளாய்க் கொள்ளுவர். அதுவே அவர்கள் விண்ணுலகிற் பிறந்த நாளாம். நாயன்மார்க்கும் நாம் குருபூசை எடுப்பது அவர்கள் இறைவனடி சேர்ந்த நாளிலன்றோ! வேதசாட்சி என்னும் சொல்லும் சிந்திக்கத்தக்கது. கிரேக்க மொழியிலே அதற்குரிய சொல்லின் பொருளும் சாட்சி என்பதுதான். சாட்சி என்பவன் பிறரைத் தாக்குவோன் அல்லன். தான் அறிந்ததைச் சொல்லி அதில் நிற்போன். பொய்வேடத்தோடு வந்து தம்மைக் குத்தியவனை, ஊர் எல்லை கடக்குமட்டும் காத்து அனுப்புவித்த மெய்ப்பொருள் நாயனாரை அறிந்த எமக்கு, இச்சொல்லின் பொருள் அந்நியமன்று.

இனி, சொல்லாமல் விடமுடியாத செய்தி ஒன்று உண்டு. சங்கிலி என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்கு வீரத்தின் பெயர். நல்லூரிலே சிலையாய் நிற்பவன், 1619இல் போர்த்துக்கீசரிடம் அரசிழந்து, கோவாவிலே கொல்லப்பட்ட கடைசி மன்னன் சங்கிலி. மன்னாரிலே வாளெடுத்தவன் அவனுக்கு முற்பட்ட முதலாம் சங்கிலி. வைபவமாலையோ இருவரையும் ஒருவராகவே கலந்துவிட்டது. மக்கள் மனத்திலும் அவர்கள் ஒருவரே. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே மன்னாரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சங்கிலி எங்கடை ஆக்களைக் கொன்றவன்தானே? அவனை ஏன் வீரன் எண்டு படிக்கிறம்?" என்று கேட்டான். வகுப்பு அடங்கிப் போயிற்று. சைவ மாணவர் சிலர் முகம் சிவந்தது. அவ்வினாவுக்குரிய விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று.

அரசனுக்குக் காரணம் இருந்தது. முத்துக்குளித் துறையிலே மதம் மாறியவர்கள் போர்த்துக்கல் மன்னனின் பாதுகாப்பை ஏற்றதையும், முத்துக் கடல் கைமாறியதையும் அவன் கண்டிருந்தான். மன்னாரும் அவ்வழியே போகுமென்று அஞ்சினான். அவ்வச்சம் வீணன்று என்பதை 1560இல் எழுந்த கோட்டையும், 1621இல் இடிக்கப்பட்ட நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் காட்டும். போர்த்துக்கீசருக்கும் காரணம் இருந்தது. கொலைக்குத் தண்டனை அளிக்கவேண்டுமென்று வற்புறுத்தியவர்களுள் சவேரியாரும் ஒருவர். தேசாதிபதியும் 1545இல் யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுக்க இசைந்தான். ஆனால் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கீசக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையிலே தட்டி, அதன் பொருள் அரசன் கையிற் சிக்கவே, அப்பொருளை மீட்கும் கவலையிலே படையெடுப்பு நின்றுபோயிற்று. அறுநூறு உயிரைக் காட்டிலும் ஒரு கப்பற் சரக்கு கனத்திருந்தது! இவ்விரு பெருங் காரணங்களுக்கும் நடுவிலே நின்றவர்கள் வலைஞர்கள். நாடு பிடிக்கவும் அவர்கள் வரவில்லை. கோயில் இடிக்கவும் வரவில்லை.

பறங்கியர் பாதுகாப்பை நாடியே மதம் மாறினர் என்று சிலர் சொல்லுவதுண்டு. அப்படியாயின், பறங்கியர் போனபின் அச்சமயமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கனாய் இருப்பதால் இலாபம் ஒன்றுமில்லை, தண்டனையே உண்டு. அக்காலத்தில், 1687ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் ஏழை வேடத்திலே யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே மறைந்திருந்து இரவு வேளைகளிலே பூசை செய்தார். பின்னர் கண்டிக்குச் சென்றவரை ஒற்றனென்று சிறையிட்டனர். ஆனால் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவர் நேர்மையை அறிந்து, தன் நாட்டிலே தொண்டுசெய்ய விட்டான். 1697இல் கண்டியிலே அம்மைநோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சாதி சமயம் பாராது அவர் பேணினார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலே காலமானார். அந்நாளே அவர் திருநாள். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராய் அறிவித்து, அன்றே மடுவுக்கும் எழுந்தருளினார். ஓர் அரசன் தன் சமயத்தவரல்லாதாரை வெட்டினான். மற்றோர் அரசன் தன் சமயத்தவரல்லாத ஒருவரைக் காத்தான். இரண்டும் இந்நாட்டிலேயே நடந்தன. எந்த அரசனின் வழியிலே பிள்ளைகள் நடக்கவேண்டும் என்பதைச் சொல்லும் பொறுப்பு ஆசிரியர்க்கு உண்டு.

ஆதலின், அம்மாணவனுக்கும் அவனோடிருந்த சைவ மாணவர்க்கும் நாம் ஒரே பாடத்திலே இரண்டையும் சொல்லி வருகிறோம். அந்நியனை எதிர்த்த அரசனையும் சொல்லுகிறோம். அவன் வாளிலே விழுந்த எம் மக்களையும் சொல்லுகிறோம். இடிபட்ட கேதீச்சரத்தையும் சொல்லுகிறோம். காட்டுக்குள் ஓடிய மாதாவையும் சொல்லுகிறோம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், ஒரே வாங்கிலே இருக்கும் இரு பிள்ளைகளுள் ஒருவன் தலைகுனிய நேரும். நல்லூரிலே வாழ்ந்த ஞானப்பிரகாச சுவாமிகள், கத்தோலிக்க குருவாய் இருந்துகொண்டே யாழ்ப்பாண அரசின் சரித்திரத்தை ஆய்ந்தெழுதி, 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எமக்குத் தந்தார். வேறொரு சமயத்தவர் எமது அரசின் சரித்திரத்துக்கு அத்துணை உழைத்திருக்க, எமது அயலவரின் வேதசாட்சிகளை நாம் அறிந்துகொள்ளுதல் பெரிய காரியமன்று.

திருக்கேதீச்சரத்துக்கு யாத்திரை செல்லும் சைவ அன்பர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர். கும்பிட்டு முடித்தபின் அவ்வாகனங்கள் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுகின்றன. கடலைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் தோட்டவெளி. அங்கே காண்பதற்குக் கோபுரமில்லை, கேட்பதற்கு மேளமில்லை. பனைநிழலிலே சற்று நின்று, பெயர் தெரியாத அறுநூற்றுவரையும், நாள் தெரியாத இக்காலத்துப் பிள்ளைகளையும் நினைந்து, ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டு வரலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். அக்கேள்விகளுக்கு வீடு திரும்பும் வழியிலே விடை சொல்லப் போதிய நேரம் உண்டு.